ரோடு ரோலரின் வலது தோள்

நான் பல் செட் செய்பவள். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் பாதிப் பெரியவர்கள் என் கையால் செய்த பல்லை வைத்துத்தான் சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் இந்தத் தலைக்கனம்தான். பல் செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக் எப்போது இளகும், எப்போது இறுகும், எந்த இடத்தில் வெளுத்தால் அடுத்த அழுத்தலில் உடையும் என்பதெல்லாம் என் விரல் நுனிக்குத் தெரியும். பிளாஸ்டிக் விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்தால் நான் ரோபோ சேர்ப்பவள். கையில் ஒரு பொம்மை லாரி இருக்கும். அதைப் பிரித்து, மடித்து, திருப்பி, இருபது முப்பது படிகளில் எழுந்து நிற்கும் ரோபோவாக மாற்ற வேண்டும். மறுபடி லாரியாக்க வேண்டும். ஒரு துண்டும் கழலக் கூடாது, ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது. அப்படி நூற்றுப் பதினாறு வைத்திருக்கிறேன். அவை போக, கைகால் எல்லாம் மடங்குகிற விண்வெளிப் படைவீரர்கள் ஒரு வரிசை. "நாப்பத்தாறு வயசுல பொம்மையா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடமாகிறது. அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கல்யாணத்துக்கு வந்த டீ செட் இன்னும் பெட்டியோடு இருக்கிறது. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சேர்ப்பதோடு நிற்காமல் விமர்சனமும் செய்கிறேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பச்சை விரிப்பு, ஒரு விளக்கு, மேலே போனைத் தொங்கவிட ஒரு கம்பி. அவ்வளவுதான் என் சேனல். என் முகம் அதில் வராது, கை மட்டும் வரும். அதில் ஒரே ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பொம்மையோடு வரும் விளக்கத் தாளைப் பார்க்கவே மாட்டேன். பெட்டியைப் பிரிப்பேன், தாளை ஓரமாகப் போடுவேன், போன் ஓட ஓட, நடுவில் வெட்டாமல் ஒட்டாமல், முதல் தடவையே மாற்றிக் காட்டுவேன். நல்ல பொம்மை என்றால் அதுவே கைக்கு வழி சொல்லும் என்பது என் கட்சி. இந்த வித்தைக்காகவே ஆட்கள் வந்தார்கள். 'தாள் தொடாத அக்கா' என்று பட்டப்பெயரும் வந்தது. பெயர் வந்த பிறகு அதைக் காப்பாற்றுகிற வேலையும் கூடவே வந்துவிடுகிறது.

என்னைப் போல ரோபோ சேர்ப்பவர்களின் போன் குழுவில் ஸ்பிரிங் என்று ஒருவன். பொம்மையில் ஸ்பிரிங் தொலைந்துவிட்டது என்று யாராவது புலம்பினால், அளவு கேட்டு, தானே சுற்றி, தபாலில் அனுப்பிவிடுவான். அதனால் அந்தப் பெயர். மண் வாரும் எந்திரங்களைப் பழுது பார்க்கும் ஷெட்டில் மெக்கானிக். வேலை போக மிச்ச நேரத்தையெல்லாம் போட்டு, நான்கு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு ரோபோ வரைந்திருந்தான். அது ரோடு ரோலராக இருக்கும். முப்பத்தி நான்கு படிகளில் ரோபோவாகும். ரோடு ரோலர் எல்லாம் யார் கண்ணிலும் படாத வண்டி. பறக்கிற வண்டி, பாய்கிற வண்டி என்று ஊரே ஓடிக்கொண்டிருக்கும்போது இவன் போய் நகரவே மனசில்லாத ஒன்றைப் பிடித்தான். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

செய்து தர ஒரு சிறிய தொழிற்சாலை ஒத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் இருநூறு பேர் 'எனக்கு ஒன்று வேண்டும்' என்று பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அச்சு வெட்டுவார்கள். ஒரு பெயர் குறைந்தாலும் பிளாஸ்டிக் வார்க்கும் எந்திரத்தை வாளி மூடி செய்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ரோடு ரோலர் இல்லை. சாம்பிளாக உலகத்திலேயே மூன்றுதான் இருந்தன. ஒன்று தொழிற்சாலையில், ஒன்று சாயம் பூசாமல் ஸ்பிரிங் கையில். சாயம் பூசி, பெட்டி போட்டு, தாளும் வைத்த மூன்றாவதை அவன் எனக்கு அனுப்பியிருந்தான்.

வியாழக்கிழமை காலையில் போன் செய்தான்.

"அக்கா, நூத்தி அறுபத்து மூணு பேர் வந்தாச்சு. உங்க வீடியோ வந்துச்சுன்னா மீதி ஒரே நாள்ல வந்துரும்."

"வரும், வரும். பதறாத."

"நல்லா இருக்குன்னு சொல்லணும்னு இல்லக்கா. இருக்கிறத இருக்கிற மாதிரி சொல்லுங்க, போதும்."

"அத நீ சொல்லித்தான் நான் செய்யணுமா?" என்றேன். அப்போதே வாய்க் கொழுப்பு ஆரம்பித்துவிட்டது.

மாலை பல் செட் லேபிலிருந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்தேன். மஞ்சள் வண்டி. முன்னால் அந்தப் பெரிய இரும்பு உருளை, டிரம், உண்மையாகவே உருண்டது. பின்சக்கரத்துக்கு மேலே ஓட்டுநர் உட்காரும் இடம், அதில் சுண்டுவிரல் நகத்தளவு ஸ்டீயரிங். தாளை மடிப்புக் கலையாமல் ஓரமாகப் போட்டேன். போனை ஓடவிட்டேன்.

முதல் எட்டுப் படிகள் வெண்ணெய் மாதிரி போயின. கூரை மடிந்தது, பின்சக்கரங்கள் பிரிந்து பாதங்களாயின. எட்டையும் கையே கண்டுபிடித்தது. அடுத்தது வலது கை. டிரம்முக்கு அடியில் ஒளிந்திருந்த தோளை வெளியே திருப்ப வேண்டும். திருப்பினேன். வரவில்லை.

"கொஞ்சம் டைட்டா இருக்கு," என்று போனைப் பார்த்துச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தோளைச் சுற்றியிருந்த வளையத்தில் மஞ்சள் நிறம் வெளுத்தது.

இந்த இடத்தை நான் மழுப்பப் போவதில்லை. வெளுத்ததைப் பார்த்தேன். வெளுத்தால் கையை எடு என்பது என் தொழிலில் முதல் நாள் பாடம். லேபில் யாராவது வெளுத்த பிறகும் அழுத்தினால் நான் கத்துகிற கத்தலில் வாசலில் காத்திருப்பவர் எழுந்து போய்விடுவார். ஆனால் போன் ஓடிக்கொண்டிருந்தது. தாள் தொடாத அக்கா ஒன்பதாவது படியில் திணறி நின்றாள் என்று நாளைக்குச் சொல்வார்களே என்று ஒரு நொடி தோன்றியது. அழுத்தினேன். டக். தோள் என் கையோடு வந்துவிட்டது.

கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அதற்கு விலாசம் இல்லை. உடைந்த வளையத்தைப் போனுக்குப் பக்கத்தில் காட்டி, "பாருங்க, எப்படி உடைஞ்சிருக்குன்னு. இது பிளாஸ்டிக்கோட கோளாறு. பத்தொம்போது வருஷமா நான் இதுலதான் பொழப்பு நடத்துறேன், எனக்குத் தெரியும். தோளே நிக்காத ரோபோவுக்குப் பேர் குடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தி, அப்படியே சேனலில் போட்டும் விட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜனங்களை எச்சரிப்பது என் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கணக்கு தொண்ணூற்றேழில் நின்றது. அறுபத்தாறு பேர் பெயரை வாபஸ் வாங்கியிருந்தார்கள். தோள் உடைகிற அந்த மூன்று நொடியை மட்டும் யாரோ வெட்டியெடுத்து, டக் சத்தத்தை நாலு தடவை ஓட்டி, ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

லேபில் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தபோது ஸ்பிரிங் அழைத்தான். அழுவான், இல்லை கத்துவான் என்று தயாராகத்தான் எடுத்தேன்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒம்பதாவது படில, கைய வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி, டிரம்ம அரை விரல் பின்னாடி தள்ளுனீங்களா?"

"எதுக்குத் தள்ளணும்?"

"டிரம் முன்னாடி இருக்கற வரைக்கும் ஒரு கொக்கி ரெண்டு தோளையும் பிடிச்சிருக்கும்கா. வண்டியா இருக்கும்போது கை தொங்கிரக் கூடாதில்ல, அதுக்கு. டிரம்மத் தள்ளினா கொக்கி விட்டுரும்."

"நான் தாள் பாக்க மாட்டேன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதானே அனுப்புன?"

"தெரியும்கா. அதான் டிரம் மேலயே ஒரு அம்பு போட்டு வெச்சேன்."

அம்பு இருந்தது. எனக்கு நன்றாக நினைவு வந்தது. டிரம்மின் பக்கத்தில் சின்னதாக, கறுப்பில், அழகாக இருந்தது. ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

இப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "அம்பு போட்டா பிளாஸ்டிக் கெட்டியாயிடுமா தம்பி? உன் பொருள் உடைஞ்சதுக்கு என் கைய குத்தம் சொல்லாத," என்று சொல்லி வைத்துவிட்டேன். கலக்கிய பிளாஸ்டர் அதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது.

என் வீட்டுக்காரர் டிரைவிங் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் வண்டியைச் சுவரில் மோதப் போவதை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் தொழில். அதனால் வீட்டிலும் எதற்கும் பதற மாட்டார், அதுவே எனக்கு எரிச்சல். அன்று சாயங்காலம் சோபாவில் சாய்ந்துகொண்டு என் வீடியோவைப் பார்த்தார். டக் சத்தம் கேட்டது. திரும்ப ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் டக்.

"எத்தனை தடவைதான் பாப்பீங்க?" என்றேன்.

"இல்ல, கிளட்ச் மிதிக்காம கியர் போட்ட மாதிரி இருக்கு."

"என்னது?"

"டெய்லி பாக்கறேன்ல. கிளட்ச் மிதிக்க மாட்டான், கியர மட்டும் போட்டு இழுப்பான். கர்ருன்னு சத்தம் வரும். உடனே எறங்கி, வண்டி சரியில்ல சார்ம்பான்." போனை மேசையில் வைத்தார். "உன்னச் சொல்லல. சும்மா சொன்னேன்."

"என்னத்தான் சொல்றீங்க!"

"சரி, உன்னத்தான் சொல்றேன்."

எழுந்து வந்துவிட்டேன். அடுக்களையில் இரண்டு பாத்திரத்தைத் தேவையில்லாமல் உருட்டினேன். பிறகு போய், அந்தத் தாளை எடுத்துப் பிரித்தேன். என் சேனல் ஆரம்பித்த பிறகு நான் பிரித்த முதல் தாள் அது. ஒன்பதாவது படம் மட்டும் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. டிரம், ஒரு பெருவிரல், பின்பக்கம் அம்பு. அடியில் அவன் கையெழுத்திலேயே: 'முதலில் இது. அவசரம் வேண்டாம்.'

உடைந்த வண்டியை எடுத்து டிரம்மைப் பெருவிரலால் தள்ளினேன். க்ளிக். இடது கை தானாக வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டு விரலில் பிடித்துத் திருப்ப, பாட்டுப் பெட்டியின் கைப்பிடி மாதிரி சுகமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு நல்ல மூட்டு! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்னும் இரண்டு நாள் இருந்தது. தப்பை ஒத்துக்கொண்டு வீடியோ போட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். அதையும் சும்மா போட்டிருக்கலாம். அங்கேதான் அடுத்த முட்டாள்தனம். உடைந்த தோளோடு அந்த ரோபோவை மறுபடி போன் முன்னால் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. நான் உடைத்ததை நானே கட்டுகிறேன் என்று இறங்கினேன்.

சனிக்கிழமை காலையில் லேபுக்கு முதல் ஆளாகப் போனேன். உடைந்த துண்டுகளை மெழுகால் சேர்த்து, அச்செடுத்து, பவுடரும் திரவமும் கலந்து ஊற்றி, அழுத்தப் பாத்திரத்தில் வைத்தேன். எங்கள் லேபில் எப்போதும் மூட்டையாகக் கிடப்பது ஈறு நிறம்தான். பல் செட்டின் அடிப்பாகத்துக்கு ஊற்றுவது, நல்ல ரோஸ். அதில்தான் தோள் வந்தது. அரைத்து, தேய்த்து, பளபளக்க வைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"இது எந்தப் பேஷண்டுக்கும்மா? இப்படி ஒரு தாடைய நான் பாத்ததில்லையே."

"ரோடு ரோலருக்கு சார்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஈறு வீங்கியிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மதியம் வீட்டில் இரண்டாவது வீடியோ எடுத்தேன். மறைக்காமல் சொன்னேன். தாளைப் பார்க்காதது என் திமிர், அம்பை அலங்காரம் என்று நினைத்தது என் கண், வெளுத்த பிறகும் அழுத்தியது என் கை, பிளாஸ்டிக் மேல் பழி போட்டது என் வாய். பிறகு டிரம்மைத் தள்ளி, ரோஸ் நிறத் தோளை வெளியே எடுத்து, நூறு தடவை சுற்றிக் காட்டினேன். வாய் விட்டு எண்ணினேன். உடையவில்லை. எப்படி உடையும், நான் செய்ததாயிற்றே. அந்தப் பெருமை அப்போதும் போகவில்லை.

முதல் கமெண்ட் இரண்டு நிமிடத்தில் வந்தது. 'சுத்துனது உங்க பிளாஸ்டிக்தானே அக்கா? அவர் பிளாஸ்டிக் எங்க?'

போனைப் பார்த்தபடியே நின்றேன். எழுதியவர் கேட்டது சரி. ஸ்பிரிங்கின் பொருள் நல்லது என்று நிரூபிக்கப் போய், அவன் பொருளைத் தூக்கிவிட்டு என் பொருளைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். உடைந்த வளையத்தைக் கொக்கியோடு சேர்த்துக் காட்டியிருந்தால் எங்கே சிக்கியது என்று குழந்தைக்கும் புரிந்திருக்கும். அந்த உடைப்பைத்தான் நான் மெழுகு ஒட்டி, மழுக்கி, ஒன்றுமில்லாமல் செய்திருந்தேன்.

உடனே உட்கார்ந்து இன்னொன்று எடுத்தேன். இந்தத் தடவை இடது தோள், அவனுடைய அசல் மஞ்சள் தோள். அதையும் நூறு தடவை சுற்றினேன். பதில் தயாராக இருந்தது. 'ஒரு தோள் ஒடியும், ஒரு தோள் ஒடியாது. அப்ப வாங்குறவன் குருட்டாம்போக்குல வாங்கணுமா?' இன்னொருவர்: 'பையன் போன் பண்ணி அழுதானாக்கா?' ஸ்பிரிங் தன்னிடம் இருந்த சாயம் பூசாத சாம்பிளை வைத்துத் தானே ஒரு வீடியோ போட்டான். செய்தவன் கையில் எப்படி உடையும் என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள்.

ஆனால் ரோஸ் தோளுக்கு மட்டும் பயங்கர வரவேற்பு. ரோடு போடுகிற ரோபோவுக்கு ஈறு முளைத்துவிட்டது என்று ஒருவர் ஆரம்பித்தார். அவ்வளவுதான். ரோபோவின் வாயில் பல் செட் வரைந்தார்கள், கையில் பிரஷ் கொடுத்தார்கள். என் சேனலில் அதுவரை எதற்கும் வராத கூட்டம் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள், அடுத்தவருக்கு அனுப்பினார்கள், போய்விட்டார்கள். யாராவது பெயர் கொடுங்கள் என்று ஒவ்வொரு கமெண்டுக்கும் கீழே நான் எழுதினேன். சிரிக்கிற எமோஜி இரண்டைப் பதிலாகப் போட்டார்கள். உண்மையைச் சொல்கிற வாய்க்கு இவ்வளவு கஷ்டமா என்று ஆத்திரமாக வந்தது. பொய்யைச் சொல்ல எனக்கு மூன்று நொடி ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை நூற்று இருபத்தொன்பது. பெயரை வாபஸ் வாங்கிய அறுபத்தாறு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். சிலர் திரும்பி வந்தார்கள். ஒருவர், 'அக்கா நீங்க மொதல்ல சொன்னதுதான் மனசுல பட்டுது, பட்டது பட்டதுதான்,' என்று மரியாதையாக மறுத்தார். மதியம் நூற்று நாற்பத்தாறு. வீட்டுக்காரர் தன்னிடம் வண்டி கற்றுக்கொள்ளும் மூன்று பேரைப் பிடித்துப் பெயர் கொடுக்க வைத்தார். எதற்குக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "லைசென்ஸுக்குன்னு நெனச்சிருப்பாங்க," என்றார். சிரிக்கத் தோன்றவில்லை. ஐந்து மணிக்கு நூற்று அறுபத்தெட்டு. ஐந்து ஐம்பதுக்கு நூற்று எழுபத்தொன்று. ஆறு மணிக்குப் பெயர் கொடுக்கும் இணையப் பக்கம் மூடிக்கொண்டது.

நூற்று எழுபத்தி நான்கு. இருபத்தாறு பேர் குறைவு.

ஸ்பிரிங்குக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு வரி வந்தது. 'சனிக்கிழமை உங்க ஊர்ப் பக்கம் வேலை இருக்கு அக்கா. சாம்பிள வாங்கிக்கறேன்.' அதே திங்கட்கிழமையிலிருந்து, பாவம், நல்ல பொம்மையாக இருந்திருக்கும் போல, வந்திருந்தால் வாங்கியிருப்போம் என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, கூட்டமாக. எங்கேடா போயிருந்தீர்கள் என்று ஒருவருக்கு எழுதி, அழித்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தான். இதுவரை குரலாகவும் எழுத்தாகவும் மட்டும் தெரிந்தவன். நான் நினைத்ததைவிட வயது அதிகம், முப்பத்தைந்து இருக்கும். நகக்கண்ணில் கிரீஸ். செருப்பை ஜோடியாக நேர்ப்படுத்தி வைத்துவிட்டு உள்ளே வந்தான். வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வகுப்பு இருக்கிறது என்று நாசூக்காகக் கிளம்பிவிட்டார். நான் ரோடு ரோலரைக் கொண்டுவந்து பச்சை விரிப்பின் மேல் வைத்தேன்.

அவன் அதைக் கையில் எடுத்தான். டிரம், க்ளிக், தோள். பேசிக்கொண்டே மாற்றினான், பார்க்கக்கூட இல்லை. முப்பத்தி நான்கு படியும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, ரோபோ என் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்றது. ஒரு தோள் மஞ்சள், ஒரு தோள் ரோஸ்.

"நல்லா வார்த்திருக்கீங்கக்கா," என்றான். "அச்சுக் கோடே தெரியல."

இதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"திட்டேன்டா! வந்ததுலேர்ந்து நல்லவனாட்டம் உக்காந்திருக்க. நான் தப்பு, நான் கெடுத்தேன். வெளுத்தத பாத்துட்டுத்தான் அழுத்துனேன். உன் நாலு வருஷத்த மூணு நொடில ஒடிச்சுட்டேன். வாயத் தெறந்து ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போ."

அவன் டீயைக் குடித்து முடித்தான். டம்ளரை வைத்தான்.

"எதுக்குக்கா? தப்பு உங்களுதுன்னு நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க. பேர் குடுத்த நூத்தி எழுபத்து நாலு பேருக்கும் நானும் எழுதினேன். யாரு தப்புன்னு அவங்க கேக்கல. ரோபோ வராதான்னுதான் கேட்டாங்க." கொஞ்ச நேரம் அதன் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். "வாளி மூடி ஓட ஆரம்பிச்சாச்சு. அந்த ஆளு ரெண்டு வருஷத்துக்கு எந்திரத்த எடுத்துட்டாராம். விடுங்க."

"வேற எடம் பாக்கலாம். நான் பாக்கறேன்."

"பாத்துட்டேன்கா, எல்லா எடமும். நாலு வருஷத்துல வேற என்ன பண்ணேன்?"

அவன் ரோபோவை மறுபடி ரோடு ரோலராக்கினான். பையில் போட்டுக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். போடவில்லை. விரிப்பின் நடுவில், விளக்குக்கு நேர் கீழே, வீடியோவில் நான் வைக்கிற அதே இடத்தில் வைத்து என் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"மொத வீடியோல தோள் உடைஞ்சதும் நிறுத்திட்டீங்க. ரெண்டாவதுல உங்க கை, உங்க கண்ணு, உங்க வாய்னு உங்களப் பத்தியே சொன்னீங்க. மூணாவதுல தோள மட்டும் சுத்துனீங்க." அவன் என்னைப் பார்க்கவில்லை, டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பொம்மை எப்படி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலக்கா. நீங்களும் சொல்லல. பொம்மைதான் வரல, ரிவ்யூவாவது வரட்டும். போன் எல்லாம் வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. இருக்கிறத இருக்கிற மாதிரி."

கம்பியில் போன் இல்லை. விளக்கைப் போட்டேன், பழக்கம். ரோடு ரோலரைக் கையில் எடுத்தேன்.

"எடை," என்று ஆரம்பித்தேன். "எடை சரியா இருக்கு. கைல எடுத்ததும் வண்டின்னு தெரியுது. டிரம் உருளுற சத்தம் நல்லா இருக்கு, அத மாத்தாத. ஸ்டீயரிங் சின்னதுதான், ஆனா திரும்புது." டிரம்மைத் தள்ளினேன், தோளை எடுத்தேன். "இந்தக் கொக்கிய நான் இது வரைக்கும் எந்தப் பொம்மைலயும் பாத்ததில்ல. பத்தாவதும் பதினொண்ணாவதும் கைக்குத் தானா வருது. பதினாறுல கொஞ்சம் கொழப்புது, எந்தப் பக்கம் மடக்கணும்னு தெரியல."

"ஆமாக்கா," என்றான். அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"முழங்கால் லூசு. நின்னதும் லேசா ஆடுது."

"ஆமா. அது எனக்கும் உறுத்திட்டே இருந்துச்சு."

முப்பத்தி நான்காவது படியில் தலை மேலே வந்தது. ரோபோவை நிற்க வைத்தேன். என் அலமாரியில் இருக்கும் நூற்றுப் பதினாறில் எதை எடுத்து இதன் பக்கத்தில் வைக்கலாம் என்று மனசுக்குள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதை அப்படியே சொன்னேன். நான் கையில் எடுத்ததிலேயே இதுதான் நல்லது என்று சொன்னேன், அழுதுகொண்டேதான் சொன்னேன்.

வியாழக்கிழமை இதைச் சொல்லியிருந்தால் ஊரே கேட்டிருக்கும். இன்று அவன் ஒருவன் கேட்டான். தலையை ஆட்டி ஆட்டி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டான்.